சம்மட்டியின் கத்திரிக்கால்

என் தம்பி பெண்டாட்டிக்கு நீச்சல்குளத்தில் வைத்த பெயர் சம்மட்டி. ஏன் அப்படி ஒரு பெயர் என்று கேட்பவர்கள் அவள் தண்ணீரில் கை போடுவதை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். நீந்துகிறவர்கள் விரல் நுனியைத் தண்ணீருக்குள் செருகுவார்கள். இவள் அடிப்பாள். பளார், பளார் என்று, தண்ணீர் ஏதோ இவள் அப்பன் வீட்டுச் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. குளத்தைச் சுற்றியிருக்கும் சுவரில் பட்டு அந்தச் சத்தம் பெண்கள் உடை மாற்றும் அறை வரைக்கும் வரும். அந்த அறையும் அதில் துணிமணி வைக்கும் பெட்டிகளும் அவற்றின் சாவிகளும் என் பொறுப்பு. குளத்தைச் சுற்றிப் பதித்த ஓடுகளைத் தேய்த்துக் கழுவுவது அவள் வேலை. நான்தான் சேர்த்துவிட்டேன்.

அவள் குளத்தில் முதன்முதலாக இறங்கியதே ஒரு சண்டையில்தான். குனிந்து ஓடு தேய்த்துக்கொண்டிருந்தவளின் இடுப்பை, குளிக்க வந்த ஒரு தடியன் கிள்ளிவிட்டான். திரும்பினாள். கையிலிருந்த கட்டைப் பிரஷ்ஷால் வாயிலேயே ஒன்று வைத்தாள். அவன் ஆழமான பக்கம் மல்லாந்து விழுந்தான். விழும்போது இவள் சட்டைக் காலரைப் பிடித்து இவளையும் இழுத்துக்கொண்டு போனான். முழங்காலுக்கு மேல் தண்ணீரே பார்க்காதவள் இவள். ஐயோ, போச்சே என்று நான் ஓடினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அவன் தோளில் ஏறி, தலையை மிதித்து, தண்ணீரை அறைந்து அறைந்தே கரைக்கு வந்துவிட்டாள். அவன் இரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பிக்கொண்டிருந்தான். மேலே ஏறியவள் கேட்ட முதல் கேள்வி, "என் பிரஷ் எங்க அண்ணி?"

இதை விசில் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் என்பது குளத்தில் நீச்சல் சொல்லித் தரும் பெண். எங்கள் இரண்டு பேரையும்விடச் சின்னவள், போட்டிகளில் நீந்தியவள், கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவே மாட்டாள். "இவங்களுக்கு நீந்தத் தெரியல, ஆனா முழுகவும் தெரியலயே! நான் கத்துத் தரேன்க்கா" என்று சிரித்தாள். அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவன் என்பதற்காக அவனை நல்லவன் என்று சொல்லும் அளவுக்கு என் நாக்கு இன்னும் அழுகிவிடவில்லை. டயர் கடையில் வேலை. லாரி டயரை இரும்புக் கம்பியால் நெம்பி நெம்பி, கை உலக்கை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையை வீட்டுக்குள்ளும் கொண்டு வருவான். "அடியாத மாடு படியாது" என்று அதற்கு ஒரு பழமொழி வேறு. சம்மட்டியும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை. கடிப்பாள், பாத்திரத்தைத் தூக்கி எறிவாள். ஆனால் யானைக்கும் ஆட்டுக்கும் சண்டை நடந்தால் முடிவு ஒன்றுதான். ஒரு நாள் அவள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். முழங்கை முறிந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அந்தக் கை அதற்கப்புறம் நேராக நீளவே இல்லை.

அடித்த கை சூடு ஆறுமுன்னே என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுவான். "அக்கா, நான் பாவிக்கா, என்னைச் செருப்பால அடிக்கா" என்பான். மூக்கு ஒழுக அழுவான். சம்மட்டி தன் மகளை இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தால், பின்னாலேயே வந்து முதலில் கதவை உடைப்பான், பிறகு அழுவான். என்னுடையது பலகைக் கதவு. அதை எத்தனை தடவை தச்சன் வந்து ஒட்டுப் போடுவான்?

அப்படியிருக்கும்போது குளத்தின் உயிர்க்காவலர் வேலையை விட்டுப் போனார். முழுகுகிறவர்களை இழுத்துக் கரை சேர்க்கும் வேலை அது. வேலையோடு மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு அறையும் உண்டு. இரும்புக் கதவு, கம்பி போட்ட ஜன்னல், உள்பக்கம் கை தண்டிக்குக் கனத்த தாழ்ப்பாள். யார் வேண்டுமானாலும் தேர்வுக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். சம்மட்டி போய் அந்தத் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். "அண்ணி, இத உடைக்க உங்க தம்பியால முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். நேராக விசிலிடம் போய், "கத்துத் தரேன்னு சொன்னீங்களே, இப்ப கத்துக் குடுங்க" என்று நின்றாள். வேலைக்காகக்கூட அவள் அலையவில்லை. மகளோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

குளம் திறப்பதற்கு முன் காலையில் பயிற்சி. முதல் நாளே விசில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணிய ஏன் இப்படி அடிக்கறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?"

"வேகமாப் போகணும்னா பலமா அடிக்க வேண்டாமா?"

"அடிச்சா நுரைதான் வரும். தண்ணியப் பிடிங்க. விரல் முதல்ல உள்ள போகணும், முழங்கை மேல நிக்கணும், பிடிச்ச தண்ணிய தொடை வரைக்கும் பின்னால தள்ளணும்."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும். தண்ணீர் விலகிக்கொண்டு மறுபடியும் வந்து மூடிக்கொள்ளும். இது சம்மட்டிக்குப் புரிய வெகு நாள் ஆயிற்று. வாழ்நாளெல்லாம் அடி வாங்கியும் கொடுத்தும் பழகியவளுக்கு, மெதுவாகப் பிடி என்றால் எப்படி ஏறும்?

கையைத் திருத்தினால் கால் கெடுத்தது. மூச்சு வாங்க வலப்பக்கம் தலையைத் திருப்பும்போது, முன்னால் நீண்டிருக்கும் இடக்கைதான் உடம்பைத் தாங்க வேண்டும். இவளுடைய கோணல் கை நீளாது. பாரம் விழுந்ததும் கீழே அமுங்கும். உடம்பு அந்தப் பக்கம் சாயும். சாய்கிற உடம்பை நிறுத்த இரண்டு காலும் தாமாகவே கத்திரிக்கோல் மாதிரி அகலத் திறந்துகொள்ளும். திறந்த காலில் தண்ணீர் மோதி, கை சேர்த்த வேகமெல்லாம் அங்கேயே செத்துப்போகும். "கை தப்பு பண்ணுது, கால் அதுக்கு வக்காலத்து வாங்குது" என்றாள் விசில். ஒவ்வொரு தடவை கால் திறக்கும்போதும் கரையில் நின்று இரண்டு விரலைக் கத்திரி போல் விரித்து விரித்துக் காட்டி, கூடாது என்று தலையை ஆட்டுவாள். சம்மட்டிக்கு அந்த இரண்டு விரலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் விசில் ஒரு வழி சொன்னாள். கணுக்கால் இரண்டையும் சேர்த்து ரப்பர் வளையம் போட்டுவிட்டால் கால் திறக்க முடியாது; உடம்பு வேறு வழியில்லாமல் ஒழுங்காக உருளக் கற்றுக்கொள்ளும். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு போதும் என்றாள். தம்பியின் கடை வாசலில் அதற்கென்ன பஞ்சம்? கிழிந்த டியூப் ஒன்றை எடுத்து வந்து நானே வெட்டிக் கொடுத்தேன்.

விசில் அவள் காலைக் கட்டி ஆழத்தில் இறக்கினாள். சம்மட்டி கல்லாய்ப் போனாள். மேலே வந்து ஒரு வாய் தண்ணீரைத் துப்பினாள், திரும்பவும் உள்ளே போனாள். சுவரைப் பிடித்து ஏறி, கட்டின காலோடு குதித்துக் குதித்து வந்து விசிலின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். "என்னைக் கொல்லப் பாக்கறியாடி?" விசிலும் லேசுப்பட்டவளா? திருப்பி ஒன்று கொடுத்தாள். இரண்டு பேரும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுத்தரையில் உருண்டார்கள். நடுவில் புகுந்து பிரித்ததில் எனக்கு உதடு கிழிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே விசில் சொன்னாள்: "இந்த அறைய அடிக்க வலது கை போச்சு பாருங்க, அப்ப உங்க இடுப்பும் கூடவே திரும்புச்சு. அதே மாதிரி தண்ணில திரும்புங்க. தலைய மட்டும் தூக்காதீங்க, மொத்த உடம்பும் உருளட்டும்."

சம்மட்டி அவளை முறைத்தாள். பிறகு கட்டின காலோடு மறுபடியும் குதித்தாள்.

அன்றைக்குப் பிறகுதான் அவளுக்கு நீச்சல் வந்தது. தலை தோளோடு சேர்ந்து உருள ஆரம்பித்தது. இடக்கை தண்ணீரைப் பிடிக்கும்வரை வலக்கை அவசரப்படாமல் காத்திருந்தது. வலக்கை உள்ளே போகும்போது இடக்கால் ஒரு உதை, இடக்கை போகும்போது வலக்கால் ஒரு உதை. ரப்பரைக் கழற்றிய பிறகும் கால் சேர்ந்தே இருந்தது. பளார் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் நின்றேபோனது. நான் சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன், முழுகிவிட்டாளோ என்று. அவள் எதிர்ச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, சம்மட்டியின் மகள் செருப்பில்லாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அத்தை, அப்பா அம்மா கைய பெட்டில வெச்சு நசுக்கறாரு!"

நடந்தது இதுதான். சம்மட்டி காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் கணுக்காலைப் பார்த்திருக்கிறான். ரப்பர் அழுத்தி அழுத்தி, இரண்டு காலிலும் வளையம் போட்ட மாதிரி சிவந்த தழும்பு. பிறகு பையைக் கிளறியதில் டியூப் துண்டும் கிடைத்தது, அதுவும் அவன் கடை டியூப், அவனே ஒட்டின பஞ்சரோடு. அவ்வளவுதான். "என் கடைப் பசங்கள்ல எவன்டி உன் காலக் கட்டினான்?" என்று ஆரம்பித்தான். நீச்சலுக்கு என்றாள். நீச்சலுக்குக் காலைக் கட்டுவார்களா, நான் என்ன காதில் பூச் சுற்றின மடையனா என்று கேட்டான். கேட்டுப் பாருங்கள், எந்த ஆம்பளைதான் நம்புவான்? நம்பாவிட்டால் நம்பாமல் போகட்டும், மனுஷன் கையை நசுக்குவானா?

நான் போய்ச் சேர்ந்தபோது தகரப்பெட்டியின் மூடிமேல் அவன் முழங்காலைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தான். மூடிக்குக் கீழே அவளுடைய வலக்கை. நல்ல கை. அவள் இடக்கையால் வெங்காயக் கத்தியின் பிடியை அவன் நெற்றியில் குத்திக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணில் இரத்தம் வழிந்தது. நான் வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து அவன் முதுகில் போட்டேன். அப்போதுதான் விட்டான்.

இரண்டு விரல் முறிந்துவிட்டது என்றார் டாக்டர். மாவுக்கட்டு வேண்டாம், பட்டை வைத்துச் சுற்றுங்கள், ஈரம் பட்டால் பட்டுக்கொள்ளட்டும் என்று அவரிடமே சண்டை போட்டாள் சம்மட்டி. ஒரு கை அன்றைக்கு, ஒரு கை இன்றைக்கு. இரண்டும் என்னைப் பெற்ற வயிற்றிலேயே பிறந்தவன் செய்த வேலை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவனை அங்கேயே கொன்றிருக்கலாம் என்றும் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி நேரம் குறிக்கும் கடிகாரத்தோடு வந்தார். சம்மட்டியின் விரல் கட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்த தேர்வுல பாத்துக்கலாமே" என்றார். அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டாள். இடம் காலியானால்தான் என்றார். "அப்ப இப்பவே ஊதுங்க சார்" என்றாள். எந்த நீச்சலாக இருந்தாலும் சரி, குளத்தின் நீளத்தைக் குறித்த நேரத்துக்குள் நான்கு தடவை கடக்க வேண்டும். பிறகு ஆழத்தில் கிடக்கும் மணல் மூட்டையைத் தூக்கி வந்து, தண்ணீருக்கு மேலே பிடித்தபடி, எதிர்க்கரையில் சேர்க்க வேண்டும்.

முதல் நீளத்தில் வலக்கை தண்ணீரைப் பிடித்தபோதே அவள் தண்ணீருக்குள் அலறியதைக் குமிழியாகப் பார்த்தேன். வலியில் பழைய புத்தி திரும்பிவிட்டது. பளார், பளார். தலை தூக்கினாள், இடக்கை அமுங்கியது, கால் அகலத் திறந்தது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் ஒரே நீளத்தில் காற்றில் போயிற்று. இரண்டாவது நீளத்தில் பாதியில் நின்றேவிட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

விசில் வாய் திறக்கக் கூடாது, அது விதி. அவள் கரையில் மண்டியிட்டு, அதே இரண்டு விரலைக் கத்திரியாக விரித்துக் காட்டினாள். சம்மட்டி தண்ணீரில் மிதந்தபடி அவளைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தாள். இந்த நேரத்திலும் குறையா? ஆனால் விசில் இந்தத் தடவை தலையை ஆட்டி மறுக்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று ஆட்டினாள். பிறகு தன் தலையை இடப்பக்கத் தோளில் சாய்த்துப் படுத்துக் காட்டினாள்.

சம்மட்டிக்கு அது பிடிபட்டுவிட்டது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். முறிந்த வலக்கையைத் தொடைமேல் போட்டுக்கொண்டாள். கோணல் இடக்கையை முடிந்தவரை முன்னால் விட்டு, தண்ணீரைப் பிடித்து மார்புக்கு இழுத்தாள். இழுக்கும்போது முழங்கால்களை மடக்கி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாகத் திறந்தாள். கை மறுபடி முன்னால் போகும்போது இரண்டு காலையும் வெட்டி மூடினாள். அப்படியே வழுக்கிக்கொண்டு போனாள். எந்தக் கத்திரியை ரப்பர் போட்டுக் கட்டி ஒழிக்கப் பார்த்தோமோ, அதே கத்திரி! ஒருக்களித்த நீச்சலுக்கு அதுதான் உயிராம். தலை வெளியிலேயே இருப்பதால் மூச்சுக்குத் தகராறே இல்லை. கை இழுப்பு, கால் வெட்டு, ஒரு வழுக்கல். நான்கு நீளமும் நேரத்துக்குள் முடிந்தது. மயிரிழைதான்.

மூட்டையை எடுத்து வலக்கை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு அவள் திரும்பியபோதுதான் என் தம்பி உள்ளே வந்தான். நெற்றியில் கட்டு. வாசல் காவலாளி தேர்வை வேடிக்கை பார்க்க உள்ளே வந்து நின்றிருந்தான், மகாராசன்.

"எவன்டா அவ காலக் கட்டினவன்? தைரியம் இருந்தா முன்னால வாடா!"

"நான்தான்டா கட்டினேன்" என்று எழுந்தாள் விசில்.

அவன் ஒரு நொடி விழித்தான். பிறகு, சொன்னது பெண் என்பதற்கே கோபம் வந்தவன்போல, அவள் விசில் கயிற்றைப் பிடித்துக் கழுத்தோடு முறுக்கினான். அவள் முகம் கறுத்தது. என் கைக்கு எட்டியது குளத்தில் குப்பை வாரும் நீளக் கம்பு. இரண்டு கையாலும் தூக்கி அவன் தோள்பட்டையில் இறக்கினேன். கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். கம்பின் நுனியை நெஞ்சில் வைத்து ஒரே தள்ளு. ஆழமான பக்கம் மல்லாந்து விழுந்தான்.

நீச்சல் தெரியாது அவனுக்கு. அவன் விழுந்த அலை சம்மட்டியின் முகத்தில் அடித்தது. அவள் அவனுக்குக் கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

"பிடிடி! என்னைப் பிடிடி!"

அவள் அவனைப் பார்த்தாள். கை இழுப்பு, கால் வெட்டு, ஒரு வழுக்கல். மூட்டையோடு அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவன் தண்ணீரை அடித்தான். உலக்கைக் கையால் அறை அறை என்று அறைந்தான். உள்ளே போனான், வந்தான். "அக்கா!" என்றான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தள்ளின கம்பை நானே நீட்டினேன். கண் தெரியாத வெறியில் அவன் அந்தக் கம்பையும் அடித்துத் தள்ளிவிட்டான்.

சம்மட்டி எதிர்க்கரையில் மூட்டையை ஏற்றி வைத்தாள். அதிகாரி கடிகாரத்தை நிறுத்துகிற வரைக்கும் சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்தாள். அப்புறம்தான் திரும்பி வந்தாள். அவன் இவள் கழுத்தைப் பிடித்து ஏறப் பார்த்தான். கோணல் முழங்கையால் தாடையில் ஒரு இடி. அவன் துவண்டதும் பின்னால் போய், முகவாயைத் தன் முழங்கை மடிப்பில் மாட்டி, ஒருக்களித்துப் படுத்து, மணல் மூட்டையைக் கொண்டுபோன அதே தினுசில் கொண்டுவந்து கரையில் போட்டாள். அவன் கமறிக் கமறித் தண்ணீரை வாந்தி எடுத்தான்.

அதிகாரி ஓடி வந்தார். "ஏம்மா, உயிரோட ஒரு ஆளு முழுகறான், நீ மண்ணு மூட்டையக் கரை சேத்துட்டு வர்றியே. என்ன நியாயம் இது?"

"மூட்டைய விட்டிருந்தா தேர்வு போயிருக்கும் சார்" என்றாள் இவள், இரைக்க இரைக்க. "அதுவுமில்லாம மூட்டை என்னை அடிச்சதில்ல."

அவர் அவளுடைய இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸுக்குப் போன் பண்ணச் சொன்னார். வேலை அவளுக்குக் கிடைத்தது.

போலீஸில் தம்பியைச் சில நாள் உட்கார வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் சம்மட்டி மகளோடும் தகரப்பெட்டியோடும் மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்துவிட்டாள். பெட்டியைத் தூக்கியது நான்தான். தரையைக் கழுவி, ஜன்னல் துடைத்து, அடுப்பு வைத்துக் கொடுத்ததும் நான்தான். மகள் தாழ்ப்பாளைப் போட்டும் திறந்தும் விளையாடிக்கொண்டிருந்தாள். கதவுக்கு இரண்டு சாவி. குளத்துச் சாவியெல்லாம் என் பொறுப்புத்தானே என்கிற பழக்கத்தில், ஒன்றை எடுத்து என் கொத்தில் கோக்கப் போனேன்.

"அது வேண்டாம் அண்ணி. இங்க குடுங்க."

"ஏன்டி? ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுமே."

"அன்னைக்கு அவரத் தள்ளினது நீங்க. கம்ப நீட்டினதும் நீங்கதான். நான் மூட்டையோட போயிட்டே பாத்தேன்." கட்டுப்போட்ட கையை நீட்டினாள். "அவரு வந்து அழுவாரு அண்ணி. அழுதா நீங்க குடுத்துடுவீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எவளுக்காக என் உதடு கிழிந்தது, எவன் முதுகில் செங்கல் போட்டேன், நன்றி கெட்டவளே என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் மூக்கு ஒழுக வாசலில் வந்து உட்காருவது கண்முன்னே தெரிந்தது. கொடுத்துத்தான் இருப்பேன்.

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். சாப்பிட்டுப் போங்கள் என்றாள். வேலை கிடக்கிறது என்று வெளியே வந்தேன். பின்னால் கதவு மூடி, தாழ்ப்பாள் விழுந்தது. குளத்தில் சனம் வர ஆரம்பித்திருந்தது. பெண்கள் அறையைத் திறக்கப் போனேன்.